காலரில் தைத்த எண்

அக்கா மகளுக்கு மூளை குழம்பிவிட்டதாம், துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்று தனக்குத்தானே பேசுகிறாளாம். அண்ணிதான் போனில் சொன்னாள். அண்ணிக்குச் சொன்னது மாடி வீட்டுக்காரம்மா. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் செய்தி இரண்டு கை மாறித்தான் வரும். வரும் வழியிலேயே கொஞ்சம் சதையும் போட்டுவிடும். விடுப்பில் வந்த மறுநாளே, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அவளைப் பார்க்கப் போனேன்.

கல்லூரி விடுதிக்குப் பின்னால், முன்பு சைக்கிள் நிறுத்திய கொட்டகை. இரண்டு இயந்திரங்கள், ஓர் இஸ்திரி மேசை, கம்பிகளில் வரிசையாக வெள்ளைக் கோட்டுகள். சுருட்டை பேசிக்கொண்டுதான் இருந்தாள். காதில் செருகியிருந்த போன் கருவி முடிக்குள் மறைந்திருந்தது. அந்த முடியால்தான் அவளுக்கு அந்தப் பெயர்.

"வாங்க சித்தி. அத்தை என்ன சொன்னாங்க? முழுப் பைத்தியமா, அரையா?"

"முக்கால்."

"பரவாயில்லையே, கொறைஞ்சிருக்கு."

சிரித்தாள். ஆனால் கை இஸ்திரிப் பெட்டியை விடவில்லை, கண் போனை விடவில்லை.

அவள் வேதியியல் மூன்றாம் ஆண்டு. வகுப்புத் தோழி நெட்டையோடு சேர்ந்து, லேப் கோட்டுகளை வெள்ளிக்கிழமை வாங்கித் துவைத்துத் தேய்த்துத் திங்கள் காலை திருப்பிக் கொடுக்கிறார்கள். தொடங்கியபோது பதினொரு கோட்டு, இப்போது நூற்றெண்பது. தொலைந்தால் தேடி வரட்டும் என்று ஒவ்வொரு காலருக்குள்ளும் ஒரு துணிப்பட்டி தைத்தார்கள். அதில் சுருட்டை தன் சொந்த போன் நம்பரை அச்சடித்துவிட்டாள். நூற்றெண்பது பேர் அவள் நம்பரைக் கழுத்தில் சுமந்துகொண்டு கல்லூரி முழுக்கத் திரிந்தார்கள். பொத்தான் அறுந்தாலும், பையில் பேனா கசிந்தாலும், வெறுமனே பொழுது போகாவிட்டாலும் காலரைத் திருப்பிப் பார்த்துக் கூப்பிட்டார்கள்.

"ஒருத்தன் நாளைக்கு மழை வருமான்னு கேட்டான்க்கா," என்றாள் அந்தப் பக்கம் கோட்டு மடித்துக்கொண்டிருந்த நெட்டை. "இவளும் பாத்துச் சொன்னா."

போன் மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவது சுருட்டையின் வைராக்கியம். சாப்பாட்டில் பாதியில் எழுந்தாள். தூக்கத்தில் எழுந்து, அடிக்காத போனுக்கு ஹலோ சொன்னாள். இயந்திரம் சுற்றி நிற்கும் 'டிங்'குக்குக்கூட கை போனைத் தேடியது. போன மாதம் செய்முறைத் தேர்வில், வாசலில் வைத்த பைக்குள் போன் அதிர, சொட்டுச் சொட்டாக அளந்துவிடும் பியூரெட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினாள். யாருக்கோ கோட்டு இறுக்கமாக இருந்ததாம். திரும்பியபோது உள்ளே விடவில்லை. மறுதேர்வு புதன்கிழமை. அதையும் விட்டால் ஒரு வருடம் போச்சு.

"நம்பரை மாத்திடேன்," என்றேன்.

"நூத்தியெண்பது காலரையும் பிரிக்கணும் சித்தி. துவைக்க வர வர பிரிச்சுக்கிட்டிருக்கோம். இன்னும் பாதிக்கு மேல வெளியதான் சுத்துது."

"அப்ப போனை நெட்டைகிட்ட குடு."

"குடுத்தாளேக்கா," என்றாள் நெட்டை. "குடுத்துட்டு விடுதி போன்லேர்ந்து எனக்கே கூப்பிட்டு, யாராவது கூப்பிட்டாங்களான்னு கேட்டா. ஒரு மணி நேரத்துல ஒம்பது தடவை. வாடிக்கையாளரே தேவலாம்."

நெட்டை சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். வருகிற ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு கோடு: இந்தப் பக்கம் அவசரம், அந்தப் பக்கம் அவசரமில்லை. ஆறு நாளில் அந்தப் பக்கம் வேலி அடைத்தது போல் கோடுகள். இந்தப் பக்கம் ஒன்றே ஒன்று, அமிலம் கொட்டிய கோட்டு. அதையும் அந்தப் பையன் கூப்பிடும் முன்பே குழாயடியில் அலசிவிட்டிருந்தான்.

சுருட்டை தாளின்மேல் விரலை ஓட்டினாள். "புத்திக்குத் தெரியுதுடி," என்றாள். "கைக்குத்தான் தெரியல."

புதன் காலை பரீட்சைக்கூட வாசலில் போனை என் கையில் வைத்தாள்.

"அணைச்சு வைக்கட்டுமா?"

"வேணாம் சித்தி. அணைச்சா யாரு கூப்பிடுறாங்களோன்னு மூணு மணி நேரமும் அதையே நெனைப்பேன். அடிக்கட்டும். நீங்க எடுக்காதீங்க. யாருன்னு பாக்கவும் வேணாம். அடிச்சும் ஒண்ணும் ஆகலன்னு எனக்குத் தெரியணும்."

கதவின் மேல்பாதி கண்ணாடி. அவள் மேசை ஜன்னலோரம், மூன்றாவது. பியூரெட்டைக் கழுவினாள், நிரப்பினாள், குனிந்து அளவு பார்த்தாள், எழுதினாள். முதல் அரை மணி போன் சும்மா கிடந்தது. அந்த அமைதி அவளைவிட என்னைத்தான் படுத்தியது.

பிறகு அடித்தது. வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். உள்ளே இரண்டு தலைகள் திரும்பின. சுருட்டையின் தோள்கள் காதுவரை ஏறின. இடது கை பியூரெட்டின் திருகை விட்டது. ஒரு கால் வாசல் பக்கம் நகர்ந்தேவிட்டது.

இரண்டாவது மணி. மூன்றாவது.

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் மெல்ல அசைந்தது. மணிகளை எண்ணினாளோ, மூச்சை எண்ணினாளோ, இங்கிருந்து தெரியவில்லை. ஐந்தாவது மணியில் தோள்கள் இறங்கின. காலை இழுத்துக்கொண்டாள். திருகைப் பிடித்து, குடுவையைச் சுழற்றியபடி ஒரு சொட்டு விட்டாள். பார்த்தாள். இன்னொரு சொட்டு விட்டாள்.

என் உள்ளங்கையில் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.