ரப்பர் போடாத வயரும் சேகர் அண்ணனும்

போன செவ்வாய்க்கிழமை பிற்பகல், கிள்ளானில் நான் வேலை பார்க்கும் கார் துணைப்பொருள் கடையில், ஒரு காரின் பின்பெட்டிக்குள் பாதி உடம்பை நுழைத்து விளக்குப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. சேகர் அண்ணன் காலமானார். கேரி தீவுக்குச் செம்பனைக் குலை ஏற்றப் போனவர், லோரி இருக்கையில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார்.

அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். எங்கள் பழைய முதலாளியும் ‘நல்ல மனுசன்’ என்று எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருந்தபோது அவரை ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. நானும்தான்.

அந்த முதலாளியிடம் நாங்கள் இருவரும் ஆறு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். காரோடு வரும் பின்பெட்டி விளக்கு மினுக் மினுக்கென்று எரியும். அது போதாது என்று வருகிறவர்களுக்கு வேறு விளக்கு போட்டுத் தருவோம். நாங்கள் மற்றவர்கள் என்ன நிறம் என்று கேட்போம், சேகர் அண்ணன் பின்பெட்டியைக் காட்டி, “பூட்ல என்ன வைப்பீங்க?” என்று கேட்பார். ஜெஞ்சாரோமிலிருந்து வந்த ஓர் ஆன்டி கார்ப் பின்பெட்டியிலேயே பாத்திரம் வைத்துப் புட்டுமாயம், அதாவது இடியாப்பம், விற்பவர். அவருடைய கை நிழல் பாத்திரத்தில் விழக் கூடாது என்று மேலே போட்ட விளக்கைக் கழற்றி, அண்ணன் இரண்டு பக்கவாட்டிலும் மாற்றினார். “பொட்டிக்கு ஒப்பனை போடறீங்களா அண்ணே?” என்று நாங்கள் கிண்டல் செய்வோம். சிரிப்பாரே தவிர, வேகத்தைக் கூட்ட மாட்டார்.

பின்பெட்டியின் மூடி மடங்கும் இடத்தில் வயருக்கு ரப்பர் குழாய் மாட்டாமல் அவர் எந்தக் காரையும் வெளியே விட்டதில்லை. திறந்து மூடும்போதெல்லாம் அங்கேதான் வயர் தேயும். இணைப்புகளுக்குச் சிவப்பு டேப் சுற்றுவார். நான் கறுப்பு. யார் செய்த வேலை என்று தெரிய, முதலாளி வைத்த ஏற்பாடு அது.

ஒன்பது வருடத்துக்கு முன், தீபாவளிக்கு முந்தின வாரம். வாசலில் கார்கள் நின்றன. என் கறுப்பு டேப் தீர்ந்துவிட்டது. அவருடைய சிவப்பை எடுத்துச் சுற்றினேன். ரப்பரும் போடவில்லை, பியூஸும் வைக்கவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காரை அனுப்பிவிட்டேன். பதினைந்து நாளில் அந்தக் கார் ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் தீப்பிடித்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை.

முதலாளி கருகிய வயரைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் போட்டார். நுனியில் சிவப்பு ஒட்டியிருந்தது. சேகர் அண்ணன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். ரப்பர் இல்லாததைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“நான்தான் செஞ்சேன் பாஸ்,” என்றார்.

அன்றே வேலை போயிற்று. வாசலில் ஓடிப்போய்ப் பிடித்தேன். “விடு லா. உன் புள்ள பொறந்து ஒரு மாசம்கூட ஆவல. எனக்கு வேற கடை கெடைக்கும்,” என்றார். கிடைக்கவில்லை. ‘காரைக் கொளுத்தினவர்’ என்ற பெயர் அவருக்கு முன்பே ஒவ்வொரு கடைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஒன்பது வருடம் லோரி ஓட்டினார். வழியில் பார்த்தால், “புள்ள நல்லா இருக்கா?” என்று மட்டும் கேட்பார். அதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம்.

சுடுகாட்டில் அவருடைய மகள் ரேவதி என்னிடம் வந்தாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் தாதியாக இருக்கிறாள்.

“அங்கிள், நீங்க அப்பாகூட வேலை செஞ்சவரு. அந்தக் காரு அப்பாவாலதான் எரிஞ்சிச்சா?”

பக்கத்தில் முதலாளி மாலையோடு நின்றார். “பழைய கதைம்மா, இப்ப எதுக்கு?” என்றேன்.

அவள் தலையாட்டினாள். “அப்ப உண்மதான்,” என்று சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்க்கப் போனாள்.

உண்மை இல்லை, ரேவதி. எரித்தவன் நான். பதினாறாம் நாள் காரியத்தில், எழுதி வைத்த இதை எல்லார் முன்னிலையிலும் நானே வாசிப்பேன்.

சேகர் அண்ணே, போய் வாருங்கள். உங்கள் நல்ல பெயரைத் திருப்பித் தருகிறேன். வாங்கிக்கொள்ளத்தான் நீங்கள் இல்லை.