தையல்காரன் சொன்ன நேரம்

என் மனைவி ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவள். வார்டிலிருந்து எக்ஸ்ரேவுக்கு, எக்ஸ்ரேயிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு, அங்கிருந்து மறுபடி வார்டுக்கு என்று இருபது வருஷமாகத் தள்ளுகிறாள். அவள் வரும் வேகத்தைப் பார்த்து டாக்டர்களே சுவரோரமாக ஒதுங்கிவிடுவார்கள். அதனால் அங்கே அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். வீட்டில் நான் அப்படிக் கூப்பிட்டால் முறைப்பாள். நான் தையல்காரன். முன்னறையில் ஒரு மெஷின், துணி வெட்டும் மேஜை, ஆளுயரக் கண்ணாடி, அவ்வளவுதான் என் கடை.

மூன்று வருஷத்துக்கு முன் என் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. அவள் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அங்கே இருந்த ஐந்து இயந்திரங்களில் இரண்டு பழுதாகிப் போக, மிச்சம் மூன்றை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. நான்கு மணி நேரம் கிடைக்க வேண்டியவனுக்கு மூன்று மணி நேரம்தான் கிடைத்தது. கால் வீங்கியது. இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் என்னிடம் சுற்றி வளைத்துப் பேசினார். அவளிடம் மட்டும் நேராகச் சொல்லியிருக்கிறார்: இப்படியே போனால் உடம்பு தாங்காது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்பெனிக்காரர்கள் அறிவித்தார்கள். ஊரில் நடக்கும் நன்கொடை ஓட்டத்தில் ஆஸ்பத்திரி ஊழியர்கள் ஐந்து பேர் கலந்துகொண்டு, ஐந்து பேருமே இருபத்தோரு கிலோமீட்டரை மூன்று மணி நேரத்துக்குள் ஓடி முடித்தால் இரண்டு புது இயந்திரங்கள். ஒருவர் தவறினாலும் கிடையாது. இந்த நிபந்தனையை யோசித்தவன் யாரோ, அவனை நிற்க வைத்து ஊசியோடு அளவெடுக்க எனக்கு ஆசை.

ஐந்தாவது ஆளாக இருந்த லேப்காரருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. பத்து வாரமே இருந்தபோது இவள் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். நாற்பத்துநாலு வயதில் இதெல்லாம் தேவையா என்று சத்தம் போட்டேன். கோபம் அவள் மேல் இல்லை. எனக்காக ஒருத்தி ஓடவேண்டியிருக்கிறதே என்ற வெட்கம். அதைச் சொல்லத் தெரியாமல் கத்தினேன்.

ஐ.சி.யூ. நர்ஸம்மாதான் அணிக்குத் தலைவி. வாரவாரம் எத்தனை கிலோமீட்டர் ஓடவேண்டும் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார். எங்கள் தெருவிலிருந்து கிளம்பி, குடோன்களைச் சுற்றிக்கொண்டு திரும்பினால் சரியாக இரண்டு கிலோமீட்டர். விடிவதற்கு முன் இவள் ஓடுவாள். நான் வாசலில் முக்காலி போட்டு, கையில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருப்பேன். அவளுக்குக் கையை வீசி ஓடவே வரவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். "ஸ்ட்ரெச்சர்ல யாரு இருக்கா?" என்று கேட்டேன். "நீங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாவது வாரம் பத்து கிலோமீட்டர். எண்பத்தைந்து நிமிஷத்தில் வந்தாக வேண்டும். வாட்சில் தொண்ணூற்றெட்டு. வந்தவள் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். இது என்னால் ஆகாது, நர்ஸம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன், வேறு ஆளைப் பார்க்கட்டும் என்றாள். சொல்லிக்கொண்டே அழுதாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. எவ்வளவு ஆச்சு என்று கேட்டபோது என் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "எண்பத்துநாலு."

தையல்காரன் வாய் அது. துணி இன்னும் மடிப்புக்கூடக் கலையாமல் இருக்கும். ஆள் வந்து நின்றால், "பட்டன் மட்டும்தான் பாக்கி" என்போம். எனக்குத் தெரிந்து அப்படிச் சொல்லாத தையல்காரன் கிடையாது. அதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆளும் நம்பிக்கையோடு போவான், நாமும் வேலையை முடித்துவிடுவோம். இதையும் நான் அப்படித்தான் நினைத்தேன். அவள் தலையைத் தூக்கி, "நிஜமாவா?" என்றாள். மறுநாள் அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து ஷூவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. ஒரு வாரம் பொய் சொன்னால் அடுத்த வாரமும் அதற்கு ஏற்றாற்போலச் சொல்ல வேண்டியிருந்தது. உண்மையான நேரத்தை ஒரு பழைய அளவு நோட்டில், யாருடையதோ இடுப்பளவு மாதிரி எழுதி வைத்தேன். அவளுக்கு மணி பார்க்கிற வழக்கம் இல்லை. ஓடும்போது கையில் எதுவும் இருக்கக்கூடாது என்பாள். ஒவ்வொரு சுற்றிலும் வாசலைத் தாண்டும்போது நான் கத்திச் சொல்வதுதான் அவளுக்கு மணி. எப்படியும் போகப் போக வேகம் வந்துவிடும், பொய்யும் நிஜமும் ஒரு நாள் ஒட்டிவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஒட்டவில்லை. ஓட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பதினெட்டு கிலோமீட்டர் ஒத்திகை. ஒன்பது சுற்று. அதிகபட்சம் இரண்டு மணி முப்பத்துநாலு நிமிஷம் ஆகலாம். இரண்டு ஐம்பது ஆகியிருந்தது. நான் இரண்டு முப்பத்துமூன்று என்றேன். அவள் சிரித்துக்கொண்டே குளிக்கப் போனாள்.

செவ்வாய்க்கிழமை எனக்கு டயாலிசிஸ். கையில் இரண்டு ஊசியும் ஏறி, இயந்திரம் ஓட ஆரம்பித்த பிறகு டெக்னீஷியன் தம்பி வந்து வாழ்த்துச் சொன்னார். பதினெட்டு கிலோமீட்டர் ஒத்திகையை அக்கா நேரத்துக்குள் முடித்துவிட்டார் என்று ஆஸ்பத்திரி முழுக்க அதே பேச்சாம். ஓடிப் பழகிய ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவரை நர்ஸம்மா இவளுக்கு மாற்றாகத் தயாராக வைத்திருந்தாராம். இனி தேவையில்லை என்று நேற்று சாயங்காலம் ஐந்து பெயரையும் கொடுத்தாயிற்று. இனி மாற்ற முடியாது.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. இயந்திரத்தில் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு அந்தத் தம்பியே பயந்துபோய்த் தலைமாட்டைத் தாழ்த்தினார். சொல்லி அனுப்பியிருப்பார் போல; காலி ஸ்ட்ரெச்சரோடு இவள் வந்து கட்டிலின் காலடியில் நின்றாள். என்னால் எழுந்திருக்க முடியாது, ஓட முடியாது. படுத்த வாக்கில் சொல்லிவிட்டேன்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் இருந்ததால் அவளால் சத்தம் போட முடியவில்லை.

"எத்தனை நிமிஷம்?" என்றாள்.

"பதினேழு."

"எத்தனை நாளா?"

"மூணாவது வாரத்துலேர்ந்து."

ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்த அவள் விரல்கள் வெளுத்துப்போயின. "கடைசி ரெண்டு ரவுண்டு நான் மூச்சு வாங்காம வந்தேன். போதும், நேரம் இருக்குன்னு காலை அடக்கிட்டு வந்தேன். நீங்க சரியா சொல்லியிருந்தா நான் அடக்கியிருப்பேனா?"

அவள் மனம் விட்டுவிடக்கூடாது என்று சொன்ன பொய், அவள் காலைப் பிடித்து இழுத்திருக்கிறது. அவள் ஸ்ட்ரெச்சரைத் திருப்பிக்கொண்டு போனாள். வார்டு வாசலில் கதவு நிலையில் டமார் என்று இடித்தது. இருபது வருஷத்தில் அவள் வண்டி எதிலும் இடித்ததில்லை என்று டெக்னீஷியன் தம்பி சொன்னார். அன்றைக்கு நர்ஸம்மாவும் வந்தார். அவர் என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சில்லை. மாத்திரையை எடுத்து வைப்பாள், டாக்டர் சொன்ன கணக்குக்கு அளந்து வைத்த தண்ணீரை நீட்டுவாள், அவ்வளவுதான். விடியற்காலையில் நான் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் என்னைத் தாண்டித்தான் ஓடினாள், திரும்பிப் பார்க்கவில்லை. குடோன் வாட்ச்மேனிடம் மணி கேட்டுக்கொள்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அந்த ஆள் என்னைவிட யோக்கியன்.

ஓட்டத்தன்று மச்சான், அதாவது அவள் தம்பி, என்னைத் தன் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய்ப் பதினெட்டாவது கிலோமீட்டர் பலகைக்குப் பக்கத்தில் இறக்கினான். அணியில் மற்ற நாலு பேரும் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். நர்ஸம்மா என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். இரண்டு மணி முப்பது நிமிஷம் ஆயிற்று. முப்பத்துநாலு ஆயிற்று. அவளைக் காணோம். மச்சான் நகத்தைக் கடித்துக்கொண்டு, மாமா உட்காருங்க, மாமா உட்காருங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தான். என்னால் உட்கார முடியவில்லை.

முப்பத்தேழில் வளைவு திரும்பி வந்தாள். கை அதே மாதிரி முன்னால் நீண்டிருந்தது. முகம் உப்புப் பூத்துக் கிடந்தது. என்னையும் என் கையில் இருந்த வாட்சையும் பார்த்தாள். ஐந்து நாளைக்கப்புறம் என்னிடம் பேசினாள்.

"எவ்வளவு?"

அந்த முகத்தைப் பார்த்து நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் நாக்கு துடித்தது. "மூணு நிமிஷம் பின்னால இருக்க. இனிமே இருபத்துமூணு நிமிஷம்தான் இருக்கு" என்றேன்.

அவள் ஓட்டம் தளர்ந்தது. இரண்டு அடி வெறுமனே நடந்தாள். முடித்துவிட்டேன், என் கையாலேயே முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "இப்பத்தான் நீங்க சொல்றது நம்புற மாதிரி இருக்கு" என்றாள். சொல்லிவிட்டுப் பாய்ந்தாள். அந்த வேகத்தில் அவள் ஓடி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. என் பொய் அவளை அப்படி ஓட விட்டதும் இல்லை.

முடிவுக்கோட்டுக்குப் போகும் சாலையை அடைத்துவிட்டிருந்தார்கள். மச்சான் சந்து சந்தாக ஆட்டோவை விட்டான். கடைசியில் ஒரு லாரி குறுக்கே நின்றது, இறங்கி நடந்தோம். மூச்சு முட்டியது, அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேலே தொங்கிய பெரிய கடிகாரம் மூன்று மணி ஆறு நிமிஷம் காட்டியது.

தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில், தரையில், அவள் முழங்காலில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. நர்ஸம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. ஜெயித்தாலும் அப்படித்தான் அழுவார்கள், தோற்றாலும் அப்படித்தான் அழுவார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் எதிரில் போய் நின்றேன்.

"எவ்வளவும்மா?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்தாள். "ரெண்டு அம்பத்தொம்பது" என்றாள். "நம்பலைன்னா, அதோ அங்க ஒட்டியிருக்காங்க. போய்ப் பாத்துட்டு வாங்க."

மச்சான் ஓடினான். நான் போகவில்லை. அவன் கூட்டத்துக்குள் புகுந்து, பட்டியலில் விரல் வைத்துத் தேடி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவதற்குள் நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுது முடித்திருந்தேன்.