மூணு ரவுண்டு ஓட்டிக் காட்ட வேண்டிய கார்

எங்க வீட்டுக்காரர் ஈஸ்வரன் தேயிலை ஃபேக்டரியில முப்பத்தாறு வருஷம் ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். வயசு அறுபது. அந்த வயசுல மனுஷன் பந்தயத்துக்குப் போற மாதிரி ஒரு காரை ரெடி பண்ணுனார்னா நீங்க சிரிப்பீக. நானும் சிரிச்சேன். ஆனா விஷயம் சிரிக்கிற விஷயம் இல்ல. தேவிகுளத்துல நாங்க இருக்கிற தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு என் வேலைக்குக் குடுத்தது. வர்ற மார்ச்சுல நானும் ரிட்டயராகி கொழுந்துக்கூடையை இறக்கி வச்சிருவேன். கம்பெனி சாவியைக் கேக்கும். எங்களுக்கு வேற வீடு வாசல் கிடையாது.

கோயம்புத்தூர்ல மோகனசுந்தரம்னு ஒருத்தர், சாதாரணக் காரை வேகமா ஓடுற மாதிரி மாத்திக் குடுக்கிற ஒர்க்‌ஷாப் வச்சிருக்கார். மூணாறு சுத்திப் பாக்க வந்தவர் வண்டி எங்க லயத்துக்கிட்ட நின்னுபோக, எங்க வீட்டுக்காரர்தான் சரிபண்ணிக் குடுத்தார். "கை நல்லாருக்குதுங்க. உங்க கையால ஒரு வண்டிய ரெடி பண்ணிக் கொண்டாங்க, டிராக்குல மூணு ரவுண்டு ஓட்டிப் பாப்போம். வண்டி தாக்குப் பிடிச்சா வேலை உங்களுக்குத்தானுங்க"ன்னுட்டுப் போனார்.

அதுலருந்து இவருக்குச் சோறு தண்ணி இறங்கல. வாசல்ல கிடந்த எங்க பழைய கார்புரேட்டர் காரைப் பிரிச்சுப் போட்டுட்டார். முதல்ல சீட்டு. உடம்பைக் கவ்விப் பிடிக்கிற சீட்டு ரெண்டு, அடிமாலியில பழைய வண்டி உடைக்கிற கடையில வாங்குனார். வளைவுல ஆள் சரியக் கூடாதாம். நான் உக்காந்து பாத்தேன், இடுப்பு மாட்டிக்கிச்சு. "இது யாருக்குச் செஞ்சது, கொக்குக்கா?"ன்னேன். மறுபடி அலைஞ்சு, என் பக்கத்துக்கு ஓரம் தணிஞ்ச சீட்டா மாத்துனார். அப்புறம் டயர். நல்ல அகலமா போட ஆசைதான். ஆனா பாடியை விட்டு வெளிய துருத்துனா ஆர்டிஓ பிடிப்பாக. உள்ள அடங்குற அளவுல, மழையிலயும் பிடி விடாத ரப்பரா, நாலு கடை ஏறி இறங்கி வாங்குனார். இன்ஜின் கடைசி. வேகம் கூடுறதுக்கு இன்ஜின் மேல்மூடி ஹெட்டை இழைச்சார், பெரிய கார்புரேட்டர் மாட்டுனார். அதுல பெட்ரோலை அளந்து விடுற ஜெட்டை மாத்தி மாத்திப் போட்டு, எங்க ஏத்தத்துல ஓட்டி ஓட்டி, காதுல கேட்டே செட் பண்ணுனார். ஏத்தத்துல அது போன போக்கு இருக்கே, யம்மாடி! எனக்கே பெருமையாப் போச்சு.

போன மாசம் ஒரு நாள் காலையில மறையூர் வழியா கோயம்புத்தூருக்கு இறங்குனோம். உடுமலை தாண்டவும் இன்ஜின்ல கிணிகிணின்னு ஒரு சத்தம், டப்பாவுல ஆணியைப் போட்டுக் குலுக்குன மாதிரி. "ஏங்க, சத்தம் வேற மாதிரி இருக்கே"ன்னேன். "கொழுந்து கிள்ளுறவளுக்கு இன்ஜினைப் பத்தி என்ன தெரியும்? சும்மா வாட்டி"ன்னார். எனக்குச் சுருக்குன்னுச்சு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

டிராக்குல இவர் ஓட்ட, நானும் மோகனசுந்தரமும் ஓரத்துல நின்னு பாத்தோம். முதல் ரவுண்டு பிரமாதம். ரெண்டாவதுல எந்த வளைவுலயும் வண்டி அசையவே இல்ல, மோகனசுந்தரம் தலையாட்டுனார். மூணாவதுல பாதி போயிருக்கும். டமார்னு ஒரு சத்தம், ஒரே புகை, வண்டி நின்னுபோச்சு. நாங்க ரெண்டு பேரும் அங்க ஓடுனோம்.

இவர் இறங்கி ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாத்தார். சுண்ணாம்பா வெளுத்திருந்துச்சு. உள்ள பிஸ்டன் ஓட்டை. அப்படியே தரையில உக்காந்துட்டார். "மேல காத்து லேசு சார். அதுக்குத் தக்கன பெட்ரோலைக் குறைச்சு வச்சேன். கீழ காத்து கனம், பெட்ரோலும் கூடணும். ஜெட்டை மாத்தாம இறக்கிட்டேன், பெட்ரோல் பத்தாம சூடேறி பிஸ்டன் உருகிருச்சு. வாழ்நாள் பூரா மலைவண்டி பாத்த கை, தோணல"ன்னார். தேனியில எங்க அக்கா வீட்டுக்குப் போனா, மலைக் கணக்குக்கு ரொம்ப நேரம் வேக விட்டு நான் வைக்கிற சோறும் இப்படித்தான் குழைஞ்சுபோகும். அப்புறம் என்னைக் காட்டி, "உடுமலையிலயே இவ சொன்னா. நான் கேக்கல"ன்னார். கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல அந்த வாயிலருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்ல.

மோகனசுந்தரம் காரைச் சுத்தி வந்தார். "இன்ஜினை இப்போதைக்கு உங்களை நம்பிக் குடுக்க முடியாதுங்க. சீட்டும் டயரும் நல்லாப் பாத்து எடுத்திருக்கீங்க. டயர் மாட்டுறதுக்கு ஆள் வேணும், வர்றீங்களா?"ன்னார்.

முப்பத்தாறு வருஷ ஃபிட்டரை டயர் கழட்டக் கூப்பிடுறார். இவருக்கு ரோஷம் மூக்குக்கு மேல வரும். கிளம்புட்டின்னு சொல்லப்போறார்னு நான் பையைத் தூக்கிட்டேன்.

இவர் எந்திரிச்சுக் கையைத் துடைச்சார். "வர்றேன் சார்"ன்னார். அப்புறம் குரலைத் தணிச்சு, "தங்க இடம் உண்டா சார்? நாங்க ரெண்டு பேர்"ன்னு கேட்டார்.