அவர் ஓ பாசிட்டிவ், நான் ஏ பாசிட்டிவ்

நான்கு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றப் போன இடத்தில் நடந்தது இது. லோடு ஏற்றப் போனவர் என் கணவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்யப் போகிறேன் என்று நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

எங்களுக்குக் கள்ளக்குறிச்சி. சின்ன யானை என்று எல்லோரும் சொல்கிற சிறிய லோடு வண்டி வைத்து ஓட்டினார் அவர். மலையிலிருந்து கிழங்கை இறக்கி, சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் கொண்டுபோய்ப் போடுவார். இரண்டு பேருக்கும் சர்க்கரை. எனக்கு அப்போதே ஏழு வருடமாக, அவருக்கு அதற்கும் முன்பிருந்தே. பிள்ளைகள் வெளியூர் போன பிறகு எங்களுக்குள் பேசிக்கொள்ள மாத்திரையும் சர்க்கரை அளவும்தான் மிச்சம் என்று நான் கேலி செய்வேன்.

மலையில் அது நடப்பதற்கு மூன்று வருடம் முன்பு யாரோ அவருடைய போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினார்கள். ஓ குரூப் ரத்தம் உள்ளவர்களைவிட மற்ற குரூப்காரர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அதில் சர்க்கரையும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம் என்று ஒருவர் அதில் பேசினார். என் கணவர் ஓ பாசிட்டிவ். டிரைவர் ஆயிற்றே, லைசென்ஸிலேயே அச்சடித்திருக்கும். எனக்கு என்ன குரூப் என்று எனக்கே மறந்து போயிருந்தது. பீரோவைக் குடைந்து என் இரண்டாவது பிரசவத்துச் சீட்டைத் தேடி எடுத்தார். ஏ பாசிட்டிவ் என்றிருந்தது. அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து என் பாடு திண்டாட்டம். விடிவதற்குள் எழுப்பி ஏரிக்கரைக்கு நடக்க அனுப்புவார். தனியாக அனுப்பவும் மனசு வராது. என் பின்னாலேயே மொபெட்டில் மெதுவாக ஓட்டிக்கொண்டு வருவார். நான் நின்றால் ஹாரன் அடிப்பார். ஏரிக்கரையில் நடக்கிறவர்களுக்கெல்லாம் நாங்கள்தான் வேடிக்கை. நீங்களும் இறங்கி நடக்கலாமே என்று ஒருநாள் கேட்டதற்கு, “நானு ஓ குரூப்புமே. ஹார்ட்டு ரிப்பேராவாத மாடலு. நீ நட” என்றார்.

சாப்பாட்டிலும் இதே கூத்துதான். முட்டை வைத்தால் என் தட்டிலிருந்து மஞ்சள் கருவைத் தோண்டி எடுத்து அவர் போட்டுக்கொள்வார். அப்பளம், ஊறுகாய் எல்லாம் அவர் பக்கம் போய்விடும். வருடத்துக்கு ஒரு தடவை எனக்கு ஈசிஜி எடுக்கக் கூட்டிக்கொண்டு போவார். என் செருப்பையும் பையையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு தடவைகூட எடுத்ததில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமான புதிதில்கூட அவர் என்னை இப்படித் தாங்கியதில்லை. வண்டி, லோடு, டயர், டீசல் என்றே இருபது வருடம் ஓடிவிட்டது. அப்பேர்ப்பட்ட மனிதர் ஐம்பத்தைந்து வயதில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, மூச்சு வாங்குகிறதா, படபடப்பாக இருக்கிறதா என்று கேட்டால் யாருக்குத்தான் கசக்கும்? வாயால் திட்டிக்கொண்டே உள்ளுக்குள் குளிர்ந்து போயிருந்தேன். மலைக்குப் போவதற்கு முந்தின மார்கழியில் அவர் மாடிப்படியில் பாதியில் நின்று நின்று ஏறியதைப் பார்த்தேன். பனிக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கும் என்று சொன்னார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி தன் மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கி வைத்திருந்தார். காலை ஒன்பது மணிக்கும் குளிர் விடவில்லை, நான் தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூட்டையை ஏற்றுகிறவர்களுக்கு ஒரு கை கொடுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தாடை வலிக்கிறது, சொத்தைப் பல்லாக இருக்கும் என்றார்.

வேர்வையைப் பார்த்ததும் சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்தேன். சர்க்கரைக்காரர்கள் வீட்டில் எல்லோருக்கும் முதலில் அதுதான் தோன்றும். எனக்கே இரண்டு மூன்று தடவை அப்படி வேர்த்திருக்கிறது, இனிப்பைத் தின்றால் கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். என் பையில் எனக்கென்று அவர் வாங்கிப் போட்டிருந்த மிட்டாய் இருந்தது. இரண்டைப் பிரித்து அவர் வாயில் போட்டேன். காட்டுக்காரருடைய மனைவி வெல்லம் தூக்கலாகப் போட்டு டீ கொண்டுவந்து கொடுத்தார். அதையும் குடிக்க வைத்தேன். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அவருக்கு நெஞ்சு வலிக்கவில்லை.

இப்படியே முக்கால் மணி நேரம் போனது. இப்போது அடங்கிவிடும், இப்போது அடங்கிவிடும் என்று சால்வையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த முக்கால் மணி நேரத்தை நினைக்காத நாளில்லை.

மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த காட்டுக்காரர்தான் வந்து நின்று பார்த்தார். எங்களுக்கு உறவா, ஒட்டா? கிழங்கு ஏற்றும் நாளில் நாலு வார்த்தை பேசுகிறவர், அவ்வளவுதான்.

“இது சர்க்கர கம்மியானா மாதிரி தெரியலீங்கம்மா. எங்க அண்ணனுக்கும் இப்பிடித்தான் வேத்துக்கினே இருந்திச்சி. நீங்க புடிச்சிக்குங்க, நான் வண்டிய எடுக்கறேன்” என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. பாதி ஏற்றிய மூட்டைகளைக் கீழே தள்ளச் சொல்லிவிட்டு, எங்கள் வண்டியை அவரே ஓட்டினார். மலையிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை இறங்கவே இல்லை, ஏறித்தான் கிடந்தது. நர்ஸ் உடனே ஈசிஜி மிஷினை இழுத்தார். அடுத்த பத்தாவது நிமிடம் ஆம்புலன்சில் இருந்தோம். மலைப்பாதை வளைவுகளில் வண்டி சாயும்போதெல்லாம், நான் விழுந்துவிடுவேனோ என்று என் கையை அவர்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் மருந்து கொடுத்தார்கள். கொஞ்சம் தெளிந்தார். ஆனால் இதயம் ரொம்பப் பழுதாகிவிட்டது, முன்பே ஒரு தடவை தெரியாமல் வந்து போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இவருக்கு ஓ குரூப் ஆயிற்றே, வராது என்றார்களே என்று கேட்டுவிட்டேன். பைத்தியக்காரத்தனமான கேள்வி என்று இப்போது தெரிகிறது. அந்த டாக்டர் சிரிக்கவில்லை. குரூப்புக்குக் குரூப் கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம் அம்மா, ஆனால் இத்தனை வருஷத்துச் சர்க்கரைக்கு முன்னால் அது ஒரு காவலே இல்லை என்றார். பிறந்த குரூப்பை மாற்ற முடியாது, சர்க்கரையையும் பிரஷரையும்தான் நம்மால் கட்டி வைக்க முடியும் என்றார். பழைய சர்க்கரைக்காரர்களுக்கு நரம்பு மரத்துப் போவதால் நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரும், வேர்வையும் மூச்சு வாங்குவதும் தாடை வலியும்தான் அடையாளம் என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். யாரையும் குற்றம் சொல்லாமல் பொறுமையாகச் சொன்னார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் என்னை உள்ளே விட்டார்கள். மூக்கில் குழாயோடு படுத்திருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். ஏதோ வேண்டும்போல என்று அந்தப் பெண் குனிந்தாள்.

“எங்க வூட்டம்மாக்கும் ஒரு ஈசிஜி எடுத்துடுங்கம்மா. ரெண்டு நாளா சாப்புடாம அலைஞ்சிக்கினு கீறாங்க. ஏ குரூப்பு” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாயை மூடிக்கொண்டு படுங்கள் என்று அத்தனை பேர் முன்னால் அதட்டிவிட்டேன். அவர் சிரித்தார். மறுநாள் காலை பதினோரு மணிக்குப் போய்விட்டார். நான் அவரிடம் கடைசியாகப் பேசியது அந்த அதட்டல்தான்.

காட்டுக்காரர் எங்கள் வண்டியை மலையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தி, பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் இரண்டு தடவை பஸ் பிடித்து வந்து போனார். இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வந்து பார்த்திருக்கணும் என்று அவர் வருத்தப்பட்டார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் நானல்லவா.

என் இதயத்துக்கு ஒரு குறையும் இல்லையாம். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஏரிக்கரையில் இப்போதும் நடக்கிறேன். பின்னால் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால், முட்டாள் மனசு, கால் தானாக வேகம் எடுக்கும்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரை வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தம்பதி. மனைவியின் பை, தண்ணீர் பாட்டில், சீட்டு எல்லாவற்றையும் கணவர் சுமந்துகொண்டு நின்றார். அந்த அம்மா அவரை நச்சரித்துக்கொண்டே இருந்தார், முகத்தில் மட்டும் ஒரு பூரிப்பு. அந்தப் பூரிப்பு எனக்குத் தெரியும். உங்களுக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்தாயிற்றா என்று கணவரிடம் கேட்டேன். எனக்கும் சர்க்கரைதான், ஆனால் ஒன்றும் தொந்தரவில்லை, இவளுக்குத்தான் பார்க்கணும் என்றார். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்து, “மொதல்ல இவரக் கூட்டிக்கினு போயி ஈசிஜி எடும்மா. மாத்திர எங்கியும் போவாது” என்றேன். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, கணவர் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

அவரைத் தள்ளாத குறையாக அந்த அம்மா அழைத்துக்கொண்டு போவதைப் பார்த்தபோது சந்தோஷத்தைவிடப் பொறாமைதான் எனக்கு அதிகமாக இருந்தது. ஒருவர் நம்மைத் தாங்குகிற சுகத்தில் அவரைத் திரும்பிப் பார்க்க மறந்துவிடக் கூடாது என்பது எனக்குப் புரிந்தபோது பார்ப்பதற்கு அவர் இல்லை. அந்த அம்மாவின் கணவர் இன்னும் இருக்கிறார்.