பாதம் சில்லென்றிருந்த பகல்

எங்கள் பக்கத்தில் குளிருக்கென்று யாரும் தனியாக ஏற்பாடு செய்வதில்லை. மழைக்குச் செய்வோம், புயலுக்குச் செய்வோம், கரண்ட் போவதற்குச் செய்வோம். குளிர் இவற்றோடு சேர்ந்து, கூப்பிடாமலே வந்து பந்தியில் உட்கார்ந்துவிடுகிற ஆள். கார்த்திகை மாதத்துக் காலை ஒன்றில், எளாவூர் செக்போஸ்ட் பக்கத்திலிருந்து லாரிகள் விளக்கைப் போட்டபடி ஊர்ந்து வந்துகொண்டிருந்தபோது, எங்கள் மில் வாட்ச்மேன் தலையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "காத மட்டும் மூடிக்கினா போதும்பா. மீதி ஒடம்பு தானா நம்பிக்கும்."

இந்த மாதிரி ஒரு வார்த்தைக்காகவே நான் கேட்டில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போவேன். என் படிப்பு எட்டாவதோடு நின்றது. மீதியை ஆட்களின் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டதுதான்.

அந்த வருஷம் மட்டும் எங்கள் வீட்டில் குளிருக்கென்றே ஏற்பாடு நடந்தது. காரணம் என் மகள். எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு, ஆபரேஷன் செய்து, எனக்குப் பேத்தி பிறந்தாள். இரண்டு கிலோகூட இல்லை. ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, பிறகு வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். கிளம்பும்போது நர்ஸம்மா என் மனைவிக்கு ஒரு பாடம் நடத்தினார். நான் மருந்துப் பையோடு கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மணிக்கொரு தடவ வயித்தத் தொட்டுப் பாரும்மா, பாதத்தத் தொட்டுப் பாரு. ரெண்டும் கதகதன்னு இருந்தா கொழந்த நல்லா கீது. வயிறு சூடா இருந்து பாதம் சில்லுன்னு இருந்தா குளுருல கஷ்டப்படுதுன்னு அர்த்தம். ரெண்டுமே சில்லுன்னு ஆயிட்டா யோசிக்காத, தூக்கிக்கினு இங்க வந்துடு. அம்மா மாருல தோலோட தோலா வெச்சிக் கட்டிக்கணும். கரி சட்டி, சுடுதண்ணி பாட்டிலு, சாம்பிராணிப் பொக ஒண்ணும் கிட்ட வரக் கூடாது. சளி புடிச்சவங்களும் கிட்ட வரக் கூடாது."

சாம்பிராணி கூடாது என்றதும் என் மனைவியின் முகம் சுருங்கியது. குழந்தைக்கென்று முதல் முதலாக வாங்கி வைத்திருந்ததே அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு பக்கம் வேலை பார்த்தோம். மனைவி ஜன்னல் இடுக்குகளில் பழைய துணியைத் திணித்து மேலே பார்சல் டேப்பை ஒட்டினாள். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது என்று நீல டிரம் இரண்டிலும் தண்ணீர் பிடித்து வைத்தாள். மூன்று நாளைக்கு மாவு அரைத்தாள். என் பங்குக்கு இன்வெர்ட்டர் வாங்கி மாட்டினேன். எலக்ட்ரீஷியன் வந்து, எந்தெந்தப் பாயின்ட்டுக்கு லைன் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். ஹால் லைட், ஹால் ஃபேன், குழந்தை இருக்கிற அறையில் எல்லாமே என்றேன். அதோடு நிற்காமல் சென்னைக்குப் போய் ஒரு ரூம் ஹீட்டரும் வாங்கி வந்தேன். எங்கள் தெருவில் அதற்கு முன்னால் யார் வீட்டிலும் ஹீட்டர் இருந்ததில்லை. சுவிட்சைப் போட்டதும் உள்ளே கம்பி இரண்டும் சிவந்தன. எனக்கு அது பழக்கமான சிவப்பு.

நான் வேலை செய்வது கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில். இரும்பை ஃபர்னஸ் உலையில் சிவக்கக் காய்ச்சி, உருளைக்குள் விட்டு, கம்பியாக இழுக்கிற இடம். இருபத்திரண்டு வருஷமாகச் சூட்டுக்கு முன்னால்தான் நிற்கிறேன். சேர்ந்த முதல் நாள் மேஸ்திரி என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துச் சொன்னார்: "கம்பிக்கும் உனக்கும் நடுவுல ஒரு ஆள் தூரம் எப்பவும் கெடக்கணும்." அந்தத் தூரம் என் உடம்போடு ஒட்டிவிட்டது. வீட்டில் காபி டம்ளரைக்கூட கையை நீட்டித்தான் வாங்குவேன் என்று மனைவி கேலி செய்வாள்.

பேத்தியிடமும் எனக்குத் தூரம்தான் விதித்திருந்தது. எங்கள் குடும்பத்தில் பிள்ளை பிறந்து பதினாறாம் நாள் தீட்டுக் கழித்த பிறகுதான் ஆண்கள் அந்த அறைக்குள் போகலாம். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களையும் சேர்த்துத்தான் கணக்கு என்று மனைவி சலுகை காட்டினாள். ஆனால் வாசற்படி வாசற்படிதான். நான் அங்கே நின்று எட்டிப் பார்ப்பேன். மகளின் நெஞ்சில், புடவைக் கட்டுக்குள், ஒரு குல்லாயின் நுனி மட்டும் தெரியும்.

"முகத்தக் கொஞ்சம் திருப்பிக் காட்டும்மா" என்பேன்.

"தூங்குது நைனா. அப்புறம் காட்றேன்" என்பாள் மகள்.

மருமகன் அத்திப்பட்டில் அனல் மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். பக்கத்துவீட்டு அம்மாவுக்கு அதில் ஒரு தீராத சந்தோஷம். கரண்ட் போகும்போதெல்லாம் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "இன்னா அண்ணி, உங்க மாப்ள அங்க கரண்ட்டு பண்றாரு, மாமனாரு ஊட்டுக்கு ஒரு ஒயரு இழுத்து உடக் கூடாதா?" என்பார். என் மனைவியும் விடமாட்டாள்: "இழுத்தா உங்க ஊட்டு மேலதான் வரணும், பரவால்லியா?"

குழந்தை பிறந்த பத்தாம் நாள், கடலில் புயல் சின்னம் என்று டிவியில் சொன்னார்கள். பழவேற்காட்டுப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. அன்று சாயங்காலமே மனைவி மழையில் நனைந்துகொண்டு ஜன்னலுக்கு வெளியே தார்ப்பாய் கட்டினாள். நான் ஷிஃப்டில் இருந்தேன். குளிருக்கு எதிராக அவள் செய்த கடைசி ஏற்பாடு அது. அதிலேயே அவளுக்குச் சளி பிடித்தது. பதினோராம் நாள் விடிந்து எழுந்தபோது தும்மல் வரிசையாக வந்தது. நர்ஸம்மா சொன்னது நினைவு வந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளாகவே அறையை விட்டு வெளியே வந்தாள்.

காலை எட்டரைக்குக் கரண்ட் போனது. காற்று இருக்கும்வரை வராது என்று எல்லோருக்கும் தெரியும். இன்வெர்ட்டர் டக்கென்று பிடித்துக்கொண்டது, லைட் எரிந்தது. நான் வாசற்படியில் நின்று பெருமையாகச் சொன்னேன்: "ஹீட்டரப் போடும்மா. அதுக்குத்தான வாங்கி வெச்சிக்கீறேன்."

மகள் சுவிட்சைப் போட்டாள். கம்பி சிவக்க ஆரம்பித்தது. அடுத்த நொடி ஹாலில் இன்வெர்ட்டர் கீச்சென்று அலறி, லைட், ஃபேன், ஹீட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. திருப்பிப் போட்டேன். திரும்பவும் அலறியது. அதை அப்படியே நிறுத்தி வைத்தேன். எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன்.

"ஹீட்டரா மாட்னீங்க?" என்றார். "அது இழுக்கிற இழுப்புக்கு இந்த இன்வெர்ட்டரு இன்னாண்ணா பண்ணும்? இது லைட்டு, ஃபேனுக்குதான்."

"அந்த ரூம்ல எல்லாமேன்னு சொன்னேனே."

"எல்லாமேன்னு சொன்னீங்க. ஹீட்டருன்னு சொல்லலியே."

அவர்மேல் தப்பில்லை. கரண்ட் இருக்கும்போது ஹீட்டரைப் பத்து தடவை போட்டுப் பார்த்தேன். கரண்ட் இல்லாதபோது போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

மகளுக்கு வேறொரு கஷ்டம் தொடங்கியிருந்தது. பால் கட்டிக்கொண்டு விடியற்காலையிலிருந்தே ஜுரம். ஆஸ்பத்திரியில் கேட்டு, அவர்கள் சொன்ன மாத்திரையைப் போட்டாள். பத்து மணிக்கு ஜுரம் இறங்கி வேர்த்துக் கொட்டியது. ஜாக்கெட் நனைந்தது, அதோடு குழந்தையின் உடம்பும் ஈரமானது. துடைத்து, வேறு துணி சுற்றி வைத்தாள். சற்று நேரத்தில் திரும்ப வேர்த்தது.

"நைனா" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. "பாதம் சில்லுன்னு கீது."

"வயிறு?"

"வயிறு சூடாத்தான் கீது. போனவாட்டி பாத்ததுக்குக் கொஞ்சம் கம்மியோன்னு தோணுது."

மனைவி ஹாலில் தூபக்காலைக் கையில் எடுத்துவிட்டாள். "ரெண்டு கரி மட்டும் போட்டு மூலைல வெக்கிறேங்க. சாம்பிராணி போடல."

"டேப்பு ஒட்டி அடச்ச ரூம்ல கரியா? மில்லுல கரிப்பொகையில மயங்கி உழுந்தவன நான் தூக்கியாந்துக்கீறேன். வெச்சிடு கீழ."

அவள் வைத்துவிட்டாள். முகத்தை மூடியிருந்த முந்தானைக்கு மேலே கண் இரண்டும் கலங்கியிருந்தன. ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்றால் ரயில்வே சப்வேயில் இடுப்பளவு தண்ணீர். சுற்றிக்கொண்டு போக வேண்டும், அந்தக் காற்றில் அத்தனை தூரம். முதலில் நர்ஸம்மாவுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். எல்லாவற்றையும் கேட்டார்.

"ஊட்ல வேற யாரும்மா கீறாங்க, சளி ஜுரம் இல்லாம?"

"யாரும் இல்லம்மா" என்றாள் மனைவி. "எங்க ஊட்டுக்காரருதான் கீறாரு."

"அவுரு ஒரு ஆளு இல்லியா? சட்டயக் கழட்டிட்டு மாருல வெச்சிக்கச் சொல்லு. ஆம்பளைங்க ஒடம்பும் சூடுதான். நல்லா சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வரச் சொல்லு. அர மணி கழிச்சி எனக்குப் போன் பண்ணு. அப்பவும் பாதம் சூடேறலேன்னா மழைய பாக்காத, கெளம்பி வந்துடு."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் வாசற்படியைப் பார்த்தேன். பதினாறு நாளுக்கு இன்னும் ஐந்து நாள் பாக்கி இருந்தது. அவள் போய் கேஸ் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

அன்றைக்குக் குளித்த மாதிரி என் கல்யாணத்துக்குக்கூடக் குளித்ததில்லை. மில் தூசி நகக்கண்ணில், காதுமடிப்பில், எங்கெல்லாமோ இருக்கும். மனைவி கதவுக்கு வெளியே நின்று, "கைய நல்லா தேயுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். துடைத்துக்கொண்டு வந்து, அறைக்கு முன்னால் நின்றேன். கால் தானாக நின்றுவிட்டது.

"போங்க" என்றாள் மனைவி. "தீட்டு எனக்குத் தெரியும். நான் பாத்துக்கறேன்."

உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். மகள் குழந்தையை எடுத்துக் கொடுக்க வந்தபோது நான் பழக்கத்தில் கையை நீட்டினேன், எட்ட இருந்து வாங்குகிற மாதிரி.

"கையில இல்ல நைனா. மாருல."

நெஞ்சில் வைத்தாள். தவளைக் குஞ்சு மாதிரி காலை மடக்கிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பி ஒட்டிக்கொண்டது. கம்பிப் பொறி பட்டுத் தழும்பான இடத்தில் அதன் கன்னம் இருந்தது. பாதம் இரண்டும் என் வயிற்றில் பட்டன. சில்லென்றால் அப்படியொரு சில். மகள் தன் பழைய புடவையால் எங்கள் இருவரையும் சேர்த்துச் சுற்றி, முதுகுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டாள். மூக்கு வெளியே தெரிகிறதா என்று பார்த்தாள். குல்லாயைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டாள். வாட்ச்மேன் ஞாபகம் வந்தது. மேலே ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, ஈர ஜாக்கெட்டை மாற்றிக்கொண்டு வந்து படுத்தாள்.

எனக்கு மூச்சு விடவே பயம். பெரிதாக மூச்சு விட்டால் குழந்தையும் கூடவே மேலே எழும்பி இறங்கியது. மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். இரண்டு நாளாக நான் நின்ற அதே இடம். மூக்கைப் பொத்திக்கொண்டு கழுத்தை நீட்டினாள்.

"முகம் எந்தப் பக்கம் கீது?"

"உன் பக்கந்தான்."

"தெரியலியே."

"தூங்குது. அப்புறம் காட்றேன்" என்றேன். படுத்திருந்த மகள் அந்த அசதியிலும் சிரித்தாள்.

நடுவில் மில்லிலிருந்து மேஸ்திரி போன் பண்ணினார். மதியம் ஷிஃப்டுக்கு வருவேனா என்று கேட்டார். மனைவி போனை என் காதருகே பிடிக்கச் சொல்லி மகளிடம் நீட்டினாள்.

"வர முடியாது மேஸ்திரி" என்றேன் மெதுவாக. "ஊட்லயே ஃபர்னஸ் டூட்டி."

"இன்னாய்யா ஒளர்ற? குசுகுசுன்னு வேற பேசற."

"சரக்கு சின்னது. சத்தம் போடக் கூடாது."

அரை மணி ஆனது. மகள் போர்வைக்குள் கையை விட்டுப் பாதத்தைத் தேடினாள். எனக்குத் தொட வேண்டிய அவசியமில்லை. அந்த இரண்டு பாதங்களும் என் தோலில்தான் இருந்தன. எப்போது சில்லிப்பு போனது என்று சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரமாக அவை இருப்பதே தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

"கதகதன்னு கீதும்மா" என்று வாசற்படியைப் பார்த்துச் சொன்னாள் மகள். மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு நர்ஸம்மாவுக்குப் போன் போட்டாள். சொல்லி முடிப்பதற்குள் மூன்று தும்மல்.

சாயங்காலம் காற்று அடங்கிக் கரண்ட் வந்தது. சுவிட்ச் போட்டபடியே இருந்ததால் ஹீட்டர் தானாகச் சிவந்தது. பால் குடிக்க மகளிடம் போய்த் திரும்ப என்னிடம் வந்திருந்தது குழந்தை. பக்கத்துவீட்டு அம்மாவின் குரல் சுவருக்கு மேலே கேட்டது: "அண்ணி, மாப்ள கரண்ட்டு அனுப்பிட்டாரு போலகீது."

மனைவி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹீட்டர் எரியுதே. படுக்கையில போட்ருங்களேன், இடுப்பு வலிக்கப் போவுது."

"வலிக்கல."

"மணி இன்னா ஆவுது, காலைல நாஷ்டாகூடத் துன்னல நீங்க."

"இங்கயே குடு."

அவள் எழுந்து போய் இரண்டு தோசை ஊற்றி, துண்டு துண்டாகப் பிய்த்துத் தட்டில் கொண்டுவந்தாள். வாசற்படியில் நின்று, உள்ளே வராமல், கையை முழுசாக நீட்டிக் கொடுத்தாள். மகள் வாங்கி எனக்கு ஊட்டினாள்.

"அந்த ஹீட்டர அணைச்சிடும்மா" என்றேன் மகளிடம். "வேர்க்குது."