உப்புமாப் பரீட்சை

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த கையோடு, இன்னொரு பரீட்சையில் ஒருவர் காப்பியடிக்க நான் உதவினேன். எழுதியவர் என் அம்மா. இடம், திருத்தணிக்கு வெளியே அரக்கோணம் சாலையில் இருந்த ஒரு மறுவாழ்வு மருத்துவமனை. பாடம், ரவை உப்புமா.

அம்மா மலையடிவாரத்தில் டிபன் கடை நடத்திவந்தாள். கிருத்திகை நாட்களில் காவடி எடுத்து வருகிறவர்களுக்கு விடிவதற்குள் நானூறு இட்லி ஊற்றி எடுத்துவிடுவாள். ஒரு நாள் காலையில் அவள் கையிலிருந்து கரண்டி நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பக்கவாதம் என்றார்கள். அப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. சென்னையில் மூன்று வாரம் வைத்திருந்து, உயிருக்குப் பயமில்லை, இனிமேல் பயிற்சிதான் என்று இங்கே அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தாள். பேச்சும் மெல்ல வந்தது. வலது கை மட்டும் மடியில் கிடந்தது, யாரோ கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருளைப்போல.

நைனாவுக்கு அரக்கோணத்தில் தண்டவாளம் பராமரிக்கிற வேலை. ஷிப்ட் முடிந்து ரயிலேறி அவர் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். இரவுக்குச் சித்தி வந்து படுத்துக்கொள்வாள். மூன்று வயதுத் தம்பியைப் பொதட்டூர்பேட்டையில் அத்தை வீட்டில் விட்டிருந்தோம். லீவு விட்டதும் பகல் காவல் என்னிடம் வந்தது.

அந்த வேலையை நான் மிகுந்த பெருமையோடு செய்தேன். அம்மாவுக்குத் தலை வாரினேன், ஊக்கு மாட்டினேன், இட்லியைப் பிட்டு ஊட்டினேன். வார்டில் எல்லோரும் "இந்த வயசுல என்னா பொறுப்பு பாரேன்" என்றார்கள். மெச்சாத ஒரே ஆள் பயிற்சி கொடுக்கிற மேடம்தான். ஒருநாள் நான் ஊட்டிக்கொண்டிருக்கும்போது அருகில் வந்து நின்று, "ஏன் கண்ணு, அம்மாவுக்குப் பசிக்குதா, உனக்கு அவசரமா?" என்று கேட்டார். "அவங்களுக்கு எடது கை நல்லாத்தானே கீது. வுடு." கல்நெஞ்சுக்காரி என்று தீர்மானித்துக்கொண்டேன்.

தாழ்வாரத்தின் கோடியில் பயிற்சிக்காகவே ஒரு சமையலறை இருந்தது. கேஸ் அடுப்பு, பாத்திரம் நகராமல் இருக்க ரப்பர் விரிப்பு, ஒற்றைக் கைக்காரர்கள் வெங்காயத்தைக் குத்தி நிறுத்தி அறுப்பதற்காக ஆணி அடித்த பலகை. முதன்முதலில் அதைப் பார்த்த அம்மா கோணல் வாயால் சிரித்தாள். "சொப்பு வெச்சி வெளாட்ற மாதிரி கீது," என்றாள். அரைமணி நேரம் கழித்து, பாதி அறுத்த ஒரு வெங்காயத்தோடு திரும்பிவந்தாள்.

ஒரு புதன்கிழமை மேடம் வந்து சொன்னார். வெள்ளிக்கிழமை அம்மா தனியாக, ஒருவர் உதவியும் இல்லாமல், இரண்டு பேருக்கு உப்புமா செய்து பரிமாற வேண்டும். செய்துவிட்டால் திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாம்.

அன்று மாலை அத்தை வீடியோ காலில் தம்பியைக் காட்டினாள். அவன் போனைப் பார்க்கவே இல்லை. அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அம்மா, பிஸ்கோத்து" என்றான். அத்தை சட்டென்று போனைத் திருப்பிக்கொண்டாள். அது அம்மாவின் காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. எனக்குக் கேட்டது. இந்த வெள்ளிக்கிழமையை விட்டால் தம்பி கைவிட்டுப் போய்விடுவான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆயா அந்தச் சமையலறையைத் துடைத்துவிட்டு வாளித் தண்ணீரைக் கொட்டப் போன நேரத்தில் நான் உள்ளே நுழைந்தேன். ரவை டப்பா, கடுகு டப்பா, உப்பு ஜாடி, எண்ணெய் பாட்டில் எல்லாவற்றின் மூடியையும் திருகித் தளர்த்தி, சும்மா மேலே வைத்தேன். வெங்காயத்தின் தோலை உரித்துப் பாவாடையில் மறைத்துக்கொண்டேன். பச்சை மிளகாயின் காம்பைக்கூடக் கிள்ளி வைத்தேன்.

கதவில் இருந்த கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேடம் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா ரவை டப்பாவை இடது கையால் பற்றித் தன்பக்கம் இழுத்தாள். மூடி தானாக நழுவி மேடைமேல் விழுந்தது. அவள் அந்த மூடியைப் பார்த்தாள். பிறகு வெங்காயத்தைப் பார்த்தாள். ஒரு கணம் கதவுப் பக்கம் திரும்பினாள், நான் குனிந்துகொண்டேன். மறுபடி எட்டிப் பார்த்தபோது எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

மேடம் தட்டைக் காலி செய்துவிட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். வார்டில் கை தட்டினார்கள். ஜெயித்தது நான்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்த நைனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வூட்டுக்கு வந்துட்டா மீதிய பாத்துக்கலாம்," என்றார் அம்மாவிடம். "பொண்ணு கீறா இல்ல? எல்லாம் கத்துகினா. அவளே ஆக்கிப் போட்டுருவா. ஒரு வருசம் ஸ்கூலுக்குப் போவலன்னாதான் இன்னா?"

எனக்கு ஜாங்கிரியைவிட அந்தப் பேச்சு இனித்தது. ஆறாம் வகுப்பின் கணக்குப் புத்தகத்தை நான் ஏற்கெனவே புரட்டிப் பார்த்திருந்தேன். அம்மா தன் பங்கு ஜாங்கிரியைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் மேடம் வார்டுக்குள் நுழைந்ததும் அம்மா எழுந்து நின்றாள். ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சொன்னாள்.

"மேடம், நான் பாஸ் ஆவலீங்க. மூடியெல்லாம் தொறந்து இருந்திச்சி. வெங்காயம் உரிச்சி இருந்திச்சி. தெரிஞ்சேதான் செஞ்சேன். எனக்கு இன்னும் பத்து நாள் வோணும்."

யார் திறந்து வைத்தது என்று மேடம் கேட்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்ததோடு சரி. "ஆங், இருங்க," என்று சொல்லிக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "உனக்கு வூட்டுக்கு வரவே இஸ்டம் இல்ல! தம்பி அத்தைய அம்மான்னு கூப்புட்றான், தெரியுமா?"

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். வலது கையை எடுத்து மடியில் சரியாக வைத்தாள்.

"தெரியும்," என்றாள். "கூப்புடட்டும். பத்து நாள்தானே."

பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு தாய் இப்படிச் சொல்வாளா? நான் அவளோடு பேசுவதை நிறுத்தினேன்.

ஆனால் பகல் காவல் என்னுடையதுதான். தினமும் அந்தச் சமையலறைக்குக் கூடப் போகவேண்டியிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. அம்மா முக்காலியில் உட்கார்ந்து, ரவை டப்பாவை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, இடது கையால் திருகுவாள். டப்பாவும் சேர்ந்து சுற்றும். மூன்றாம் நாள் மூடி கழன்றது, டப்பா கவிழ்ந்தது, ரவை தரையெல்லாம் இறைந்தது. எடுக்கப் பாய்ந்த என்னை அம்மா பார்த்த பார்வையில் அங்கேயே நின்றுவிட்டேன். அவள் சுவரைப் பிடித்து மெல்லத் தரையில் இறங்கி, காலை நீட்டிக்கொண்டு, இடது கையால் கூட்டி அள்ளினாள். வியர்த்துக் கொட்டியது. முழுசாக முக்கால் மணி நேரம். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை; நான் செய்தது சும்மா நின்றதுதான் என்றாலும்.

பதினோராம் நாள் உப்புமாவில் அடி பிடித்திருந்தது, உப்பும் தூக்கல். மேடம் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டு முடித்து, புதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்தோம். அத்தை கூட்டிவந்திருந்த தம்பி அவள் பின்னால் ஒளிந்துகொண்டான். அம்மா அவனைக் கூப்பிடவும் இல்லை, அழவும் இல்லை. அத்தை நான்கு நாள் கூடவே தங்கினாள். ஒரு வாரத்தில் அவனாகவே, எந்த ஆரவாரமும் இல்லாமல், அம்மாவை அம்மா என்றும் அத்தையை அத்தை என்றும் பிரித்துக் கூப்பிட ஆரம்பித்தான்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று, என் பெயரை ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டு வரும்படி நைனாவை அனுப்பினாள் அம்மா. அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்.

அன்று மாலை பள்ளியிலிருந்து வந்து பையை வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனேன். அம்மா ஒற்றைக் கையால் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் பாத்திரத்தைப் பிடிக்கப் போனேன். அவள் என் கையை விலக்கினாள்.

"இங்க உனுக்கு இன்னா வேல? போ. போயி வெளாடு."

லீவு முழுக்க மாடாக உழைத்தவளுக்கு இதுதான் மரியாதையா என்று எனக்கு அழுகை வந்தது. மூடி விவகாரத்தை அவள் இன்னும் மன்னிக்கவில்லை, அதனால்தான் சமையலறையிலிருந்து துரத்துகிறாள் என்று நினைத்தேன். வேண்டுமென்றே அவள் கண்ணில் படும்படி ஜன்னலுக்கு நேரே தெருவில் கோடு கிழித்து, பக்கத்து வீட்டுப் பெண்களோடு விளக்கு வைக்கிறவரை நொண்டி ஆடினேன். அரிசி களைந்து முடிந்து வெகுநேரம் ஆகியும் அம்மா ஜன்னலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.