மைனஸில் வந்த பரம்பரை

ஆட்டுக்குட்டிகளின் எடையில் அப்பனுக்கு எவ்வளவு பங்கு என்று கணக்குப் போட்டு நான் டாக்டர் ஆனேன். எண்பதுகளில் தாம்பரத்தில் யாரிடமாவது இதைச் சொன்னால், ஊசி போடுவீர்களா என்று கேட்பார்கள். மாட்டேன் என்றதும் மரியாதை பாதியாகிவிடும்.

ஊரப்பாக்கம் தாண்டி ஒரு பண்ணையில் ஒவ்வொரு குட்டியாகத் தூக்கி எடை போட்டு, எந்தக் கிடாவுக்குப் பிறந்தது என்று குறித்துக்கொள்வேன். "இன்னா சார், இம்மாம் படிச்சுட்டு ஆட்டாண்ட வந்து நிக்கிறே?" என்பார் பண்ணைக்காரர். திரும்பும்போது மின்சார ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைக்காமல் போனதே இல்லை. என் மேல் வீசிய வாடை அப்படி.

ஒரே கிடாவின் குட்டிகள் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை வைத்துப் பரம்பரையின் பங்கைக் கணிப்போம். கம்ப்யூட்டர் சென்டரில் காத்துக் கிடந்து வாங்கிய தாளில் விடை மைனஸில் வந்திருந்தது. கிடாக்கள் குறைவாக இருந்தால் இப்படி ஆவதுண்டு. கூடப் பிறந்த குட்டிகளே அந்நியக் குட்டிகளைவிட அதிகமாக வேறுபட்டு மானத்தை வாங்கும். பலர் அதைப் பூஜ்யம் என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். வந்ததை வந்தபடி எழுதவேண்டும் என்பது என் பிடிவாதம்.

என் கைடு கொதித்துப்போனார். "மைனஸா? பெத்த அப்பனுக்குப் புள்ளை மேல பங்கே இல்லைங்கறியா?"

"இந்த டேட்டாவுல அப்படித்தான் சார் வருது."

"டேட்டாவுலேர்ந்து ரெண்டு கிடாவைத் தூக்கிட்டுக் கணக்கைப் போட்டுப் பாரு. கௌரவமா ஒரு நம்பர் வரும்."

நான் தூக்கவில்லை. அவர் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்து இல்லாமல் தீசிஸ் போகாது. தீசிஸ் போகாவிட்டால், ஒரு கல்லூரியில் எனக்கென்று வைத்திருந்த விரிவுரையாளர் வேலை வேறொருவனுக்குப் போய்விடும்.

அந்த நேரம் பார்த்து, "சாயங்காலம் வீட்டுப் பக்கம் வாப்பா, பையனுக்கு மேத்ஸ்ல சின்ன டவுட்டாம்" என்றார். அஸ்தினாபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனபிறகுதான் தெரிந்தது, பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அந்தச் சின்ன டவுட்டு என்று. எனக்கு முன்னால் அவரிடம் ஆராய்ச்சி செய்தவர்கள் கரண்ட் பில் கட்டினார்கள், கேஸ் சிலிண்டர் தூக்கினார்கள். அந்த வகையில் எனக்குப் பதவி உயர்வுதான்.

பையன் மக்கு இல்லை. கணக்கு உன் ரத்தத்திலேயே இருக்கிறது என்று அப்பா ஓதி ஓதி, அவன் ஒரு கணக்கைக்கூடப் போட்டுப் பார்த்ததில்லை. பரீட்சைவரை தினமும் போய் அவனைப் போட வைத்தேன். பக்கத்து அறையில் அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

ரிசல்ட் வந்த அன்று வீடே அமர்க்களப்பட்டது. கணக்கில் பையன் பள்ளியிலேயே முதல். கைடு என் வாயில் ஒரு லட்டைத் திணித்தார். "அப்படியே என் மூளை!"

"பாவம், இந்தத் தம்பியும் தினம் வந்து..." என்று ஆரம்பித்தார் அவர் மனைவி.

"சொல்லிக் குடுத்தா மட்டும் போதுமா? உள்ளே சரக்கு இருக்கணும்ல?" என்று அவரை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பரம்பரைக்குப் பங்கு இல்லைன்னியே, இப்ப என்ன சொல்றே?"

வாய் நிறைய லட்டு. அதைத் துப்பிவிட்டு நாலு வார்த்தை கேட்கலாமா என்று கோபம் வந்தது. லட்டை விழுங்கினேன். "பூரா பங்கும் உங்களோடதுதான் சார்" என்று பையிலிருந்த தீசிஸை நீட்டினேன். இருந்த சந்தோஷத்தில் உள்ளே ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல் கையெழுத்துப் போட்டார். மைனஸ் அப்படியே இருந்தது.

வேலையும் கிடைத்தது. பிறகு வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் மைனஸ் இருந்த பக்கத்தை விரல் வைத்துக் காட்டினார். "எல்லாரும் இதைப் பூஜ்யம்னு மறைச்சிடுவாங்க. நீங்க நேர்மையா அப்படியே விட்டிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம்."

நான் வாய் திறப்பதற்குள், "நான்தான் சார், என்ன வந்தாலும் அப்படியே போடுன்னு சொன்னேன்" என்றார் கைடு.

பையனின் மார்க் அவருடைய மூளை, என் மைனஸ் அவருடைய நேர்மை. என் சொந்த அப்பாவிடமிருந்துகூட எனக்கு இவ்வளவு வந்ததில்லை, என்னிடமிருந்து கைடுக்குப் போயிருக்கிறது.